சென்னை–கன்னியாகுமரி சைக்கிள் பயணம்: நடுவில் வரும் ஓய்வு நாளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் போனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 750 கி.மீ. புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று கடலை ஒட்டியே வழி போகும். மலையேற்றம் கிடையாது. அதனால்தான் இந்தப் பாதையை லேசாக எடுத்துக்கொண்டு ஓய்வு நாளே வைக்காமல் கிளம்புகிறார்கள். ஏற்றம் இருந்தால் இறக்கமும் இருக்கும், இறக்கத்தில் மிதிக்காமல் உருளலாம். இங்கே அந்த வசதி இல்லை. சமதளத்தில் எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி மிதிக்க வேண்டும், உட்காரும் இடமும் உள்ளங்கையும் ஒரே அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

நாலு நாள் மிதித்து ஐந்தாவது நாள் ஓய்வு, பிறகு இரண்டு நாள் என்பது நடுத்தரப் பயிற்சி உள்ளவர்களுக்குப் பொருந்தும். கணக்குப் பார்த்தால் ஓய்வு ராமநாதபுரத்தில் விழும். அங்கே வரும்போது சுமார் 500 கி.மீ. முடிந்திருக்கும், இன்னும் 250 இருக்கும்.

ராமேஸ்வரத்தில் ஓய்வு எடுக்காதீர்கள்

எல்லோருக்கும் வரும் ஆசை இது. ராமநாதபுரத்திலிருந்து 55 கி.மீ. தான், பாம்பன் பாலமும் பார்த்ததாயிற்று என்று தோன்றும். ஆனால் போக 55, திரும்பி வர 55. 22 தீர்த்தம் ஆட வேண்டும், வெறுங்காலில் பிரகாரம் சுற்ற வேண்டும், தனுஷ்கோடி போய் அரிச்சல்முனையையும் பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கும்போது கால் முந்தின நாளைவிட மோசமாக இருக்கும். ராமேஸ்வரம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அதற்கென்று தனியாக ஒரு நாள் சேர்த்துக்கொண்டு, சைக்கிளை லாட்ஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள். அது சுற்றுலா நாள். அதை ஓய்வுக் கணக்கில் எழுத முடியாது.

ஓய்வுக்கான ஊரில் வேண்டியவை சில: மெடிக்கல் ஷாப், சைக்கிள் கடை, சைவமும் அசைவமும் கிடைக்கும் ஹோட்டல், சைக்கிளை அறைக்குள் வைத்துக்கொள்ள விடும் லாட்ஜ். கடைசியாகச் சொன்னதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். தரைத்தள அறையோ, சைக்கிள் நுழையும் லிஃப்டோ இருந்தால் நல்லது. சாப்பாட்டுக் கடை 300 மீட்டருக்குள் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வு விழாமல் கிளம்பும் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கடைகள் பாதி மூடியிருக்கும். ஜனவரியில் வருபவர்கள் பொங்கலை மறந்துவிடுகிறார்கள். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் அன்று ஒரு ட்யூப் வாங்கக்கூட அலைய வேண்டிவரும். தை அமாவாசையை ஒட்டி ராமேஸ்வரம் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம், அந்த நெருக்கடி ராமநாதபுரம் வரை நீளும்.

முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பம்

லாட்ஜுக்கு வந்ததும் கட்டிலில் விழுந்துவிட்டால் ஓய்வு நாளின் முதல் பாதி துணி துவைப்பதில் போய்விடும். வந்த உடனே செய்ய வேண்டியது மூன்று.

1. குளிக்கும்போதே சைக்கிள் ஷார்ட்ஸைத் துவைத்துவிடுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மெத்தைப் பகுதியைக் குளியல் சோப்பால் தேய்த்து, நுரை நிற்கும் வரை அலசுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் அடுத்த நாள் வியர்வையோடு சேர்ந்து அரிக்கும். முறுக்கிப் பிழியக் கூடாது, மெத்தை கட்டிகட்டியாகிவிடும். உலர்ந்த துண்டை விரித்து, அதன் மேல் ஷார்ட்ஸை வைத்துச் சுருட்டி, சுருட்டின் மேல் ஏறி நின்று மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்கு வந்துவிடும். மெத்தை வெளியே தெரியும்படி ஃபேனுக்கு நேராகத் தொங்கவிடுங்கள். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், ஒரே ராத்திரியில் காயும் என்று நம்ப வேண்டாம். லாட்ஜ் சலவைக்குப் போட்டால் இஸ்திரிப்பெட்டி எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும்.

2. ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். மிதித்து முடித்தவுடன் தசைகள் மாவுச்சத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் போதும், பெரிய சாப்பாடு பிறகு.

3. சைக்கிளில் அன்று கேட்ட சத்தம், உணர்ந்த ஆட்டம் எல்லாவற்றையும் போனில் குறித்து வையுங்கள். "நின்று மிதித்தால் வலதுபக்கம் டக் டக்", "பின் பிரேக் இழுவை அதிகம்" என்ற அளவுக்குப் போதும். தூங்கி எழுந்தால் மறந்துவிடும்.

காலையில் எழுவதற்கு முன்

அலாரம் வைக்காமல் தூங்குங்கள். கண் விழித்ததும், கட்டிலை விட்டு இறங்கும் முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க நாடித்துடிப்பை எண்ணுங்கள். வீட்டில் இருக்கும்போது ஒரு வாரம் இதே மாதிரி எண்ணி, உங்கள் வழக்கமான எண் என்ன என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். வழக்கத்தைவிட 3, 4 கூடியிருந்தால் கவலை இல்லை. 8, 10 கூடியிருந்தால் உடம்பு இன்னும் மீளவில்லை, அல்லது தண்ணீர் போதவில்லை, அல்லது காய்ச்சல் வரப் பார்க்கிறது. மறுநாள் காலையிலும் இறங்கவில்லை என்றால் இன்னொரு நாள் தங்குவதே சரி.

பிறகு சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு லிட்டர் குடித்தும் காலையில் அடர் மஞ்சளாக இருந்தால், குடித்தது உப்பில்லாத வெறும் தண்ணீர் என்று அர்த்தமாக இருக்கலாம். அது உடம்பில் தங்காமல் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் ஓஆர்எஸ் பொடி வாங்கி, கவரில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்குங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்தால் வயிறு கலங்கும். பொடி கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். இளநீரைக் குடித்துவிட்டு உப்புக் கணக்கு முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

உட்காரும் இடம், முட்டி, விரல்

சொல்ல வெட்கப்பட்டு, பயணத்தையே பாதியில் விட்டவர்கள் உண்டு. கண்ணாடி வைத்துப் பாருங்கள். தோல் சிவந்து வழவழப்பாக இருந்தால் உராய்வு. சின்னச் சின்னக் கொப்பளங்கள் மயிர்க்கால்களில் இருந்தால் கிருமி. இரண்டுக்கும் முதல் மருந்து காற்றுதான். நாள் முழுக்க தொளதொளப்பான பருத்தி வேட்டியோ லுங்கியோ கட்டுங்கள், உள்ளாடை வேண்டாம். காலை, மாலை சோப்பு போட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். தோல் பிய்ந்த இடத்தில் மட்டும் பொவிடோன் ஐயோடின். கொப்பளத்தைக் கிள்ளக் கூடாது. வேர்க்கடலை அளவுக்கு மேல் கட்டி இருந்தாலோ, தொட்டால் சூடாக வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ டாக்டரிடம் போங்கள். அதோடு உட்கார்ந்து மறுநாள் 125 கி.மீ. போக முடியாது.

முட்டியில் வலி எங்கே என்பதைப் பாருங்கள். முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கலாம், பின்பக்க மடிப்பில் வலித்தால் உயர்ந்திருக்கலாம். சீட் உயரமாக இருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், உராய்வுப் புண்ணுக்கும் அதுவே காரணமாகும். திருத்தும்போது ஒரு தடவைக்கு 2, 3 மி.மீ. மட்டும். முதலில் பழைய உயரத்தில் சீட் கம்பியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு மாற்றுங்கள். ஓய்வு நாளில் ஒரு சென்டிமீட்டர் ஏற்றிவிட்டு மறுநாள் புது வலியோடு அழுகிறவர்கள்தான் அதிகம்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருந்தால் உள்ளங்கையின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கி எடை முழுவதும் கைக்குப் போகும். போன் திரையில் மட்டம் பார்க்கும் ஆப் இருக்கும், சீட்டை மட்டமாக்குங்கள். ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகும் விரலில் பலம் குறைந்து, பித்தான் போட முடியவில்லை என்றால் அலட்சியம் வேண்டாம்.

வலி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைச் சோதிக்கும். மேலும் அவை வலியை மறைக்கும், மறைந்த வலியோடு மிதித்தால் காயம் பெரிதாகும்.

சைக்கிள் வேலை: காலை உணவு முடிந்ததும், மதியத்துக்குள்

ஏதாவது சாமான் தேவைப்பட்டால் கடை திறந்திருக்கும்போது தெரிய வேண்டும். அதனால் இதை மாலைக்குத் தள்ளாதீர்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

முதலில் கழுவுதல். நாலு நாள் கடல் காற்று செயினிலும் போல்ட்டிலும் உப்புப் படலம் விட்டிருக்கும். ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூடி, பழைய துணி. மேலிருந்து கீழாகத் துடைத்து வாருங்கள். பைக் வாட்டர் வாஷ் கடையில் கொடுக்காதீர்கள். அழுத்தத் தண்ணீர் ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் புகுந்து கிரீஸை வெளியே தள்ளிவிடும்.

அடுத்து டயர். இந்தப் பாதையில் மிகவும் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். தொண்டிக்கு முன்னாலிருந்தே சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம். வெட்டிய விறகு ஏற்றிப்போகும் வண்டிகள் முள்ளைச் சாலை ஓரத்தில் உதிர்த்துப் போகும், நாமும் ஓரத்தில்தான் போவோம். அந்த முள் குத்தி, டயர் மட்டத்தோடு ஒடிந்து, முனை மட்டும் ரப்பருக்குள் நிற்கும். உடனே பஞ்சர் ஆகாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இழை உள்ளே போய், 30, 40 கி.மீ. கழித்து ட்யூபைத் தொடும்.

- காற்றைப் பாதி இறக்குங்கள். வால்வு இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, ஒரு சாண் ஒரு சாணாக டயரை விரலால் பிதுக்கி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.
- கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் ஊசியால் நெம்பி, சின்ன இடுக்கியால் எடுங்கள். கண்ணாடித் துகள், லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பி இழை ஆகியவையும் இப்படித்தான் மாட்டியிருக்கும்.
- டயரைக் கழற்றினால் உள்பக்கம் வெறும் விரலால் தடவாதீர்கள். பஞ்சை அல்லது பழைய பனியன் துணியைச் சுற்றி விடுங்கள், முள் இருந்தால் இழை சிக்கும்.
- ஏற்கெனவே ஒட்டிய ட்யூபுகளைக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிச் சோதியுங்கள். ஒட்டின இடத்தில் குமிழி வந்தால் பழையதைப் பிய்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு மங்கும் வரை ஐந்து நிமிடமாவது காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டுவதுதான் பாதி ஒட்டுகள் பிரியக் காரணம்.

காற்றழுத்தம்: 65 கிலோ ஆள், 12–15 கிலோ சாமான், 32 மி.மீ. டயர் என்றால் முன்னால் 55–60, பின்னால் 65–70 பிஎஸ்ஐ சரியாக இருக்கும். எதற்கும் டயர் பக்கவாட்டில் அச்சடித்த உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். உங்கள் ட்யூப் ஒல்லியான பிரஸ்டா வால்வு வகையா? ஊர்க் கடை பம்பு அதில் சேராது. கட்டைவிரல் நகம் அளவில் பித்தளை அடாப்டர் ஒன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

செயின் தேய்மானத்தை எஃகு ஸ்கேலால் அளக்கலாம். ஒரு ஊசியின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்து, அதிலிருந்து 24 ஊசி தள்ளி எண்ணுங்கள். புது செயினில் சரியாக 12 அங்குலம் வரும். அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடியிருந்தால் செயினை மாற்றும் காலம். ஒரு நூல் முழுதாகக் கூடியிருந்தால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அப்போது புது செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கையில் தாண்டும். மிச்சம் 250 கி.மீ. தான் என்றால் பழைய ஜோடியோடு அப்படியே போய்ச் சேருவது புத்திசாலித்தனம்.

சுத்தம் செய்த செயின் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பெடலைப் பின்னோக்கி முப்பது சுற்று சுற்றி, சில மணி நேரம் விட்டு, உலர்ந்த துணியால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே, வெளியே இருப்பது மணலைப் பிடிக்கத்தான். கடையில் கிரீஸ் பூசித் தருகிறேன் என்றால் செயினுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் தீர்ந்துபோன அவசரத்துக்கு பைக் இன்ஜின் ஆயில் பரவாயில்லை, ஆனால் தினமும் துடைக்க வேண்டும்.

பிரேக்: ரிம் பிரேக் கட்டையில் தேய்மானக் கோடு மறைந்துவிட்டதா, உள்ளே அலுமினியத் துகள் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். துகளை ஊசியால் நோண்டி எடுக்காவிட்டால் அது ரிம்மைச் சுரண்டும். டிஸ்க் பிரேக் என்றால் பேடின் தேயும் பகுதி அரை மி.மீ.க்குக் கீழே வந்ததும் மாற்ற வேண்டும். டிஸ்க் தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மட்டும் துடையுங்கள். கைக்குப் போடும் சானிடைசரில் கிளிசரின் இருக்கும், துடைத்தால் பிரேக் வழுக்கும்.

ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். தொய்வாக ஒன்று கிடைத்தால் அது பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் இருக்கும், சாமான் எடை அங்கேதானே. கோட்டம் எடுப்பதில் ஊர் சைக்கிள் கடைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள், கியர் சைக்கிள் என்று தயங்கினாலும் ரிம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் வலதுபக்கக் கம்பி ஒடிந்திருந்தால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவியும், உங்கள் சக்கர அளவிலேயே மூன்று கம்பிகளும் நீங்கள்தான் கொண்டு வந்திருக்க வேண்டும்.

கடைசியில் கேரியர் போல்ட்டுகள். சாமான் குலுக்கலில் முதலில் கழல்வது இவைதான். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து, மணிக்கட்டு பலத்தால் மட்டும் இறுக்குங்கள். நீளப் பக்கத்தைப் பிடித்து முழு பலத்தில் திருகினால் ஃபிரேமில் மரை போய்விடும்.

சாப்பாடு

ஓய்வு நாளில் பசி குறைவாகத் தெரியலாம். அதை நம்பிக் குறைத்துச் சாப்பிட்டால் காலியான தசைகள் காலியாகவே இருக்கும். எடையில் கிலோவுக்கு 5–7 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. 65 கிலோ ஆளுக்கு 325 முதல் 455 கிராம். நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பது புரியும். காலையில் இட்லி, பொங்கல். மதியம் அளவில்லாச் சாப்பாடு. இடையில் வாழைப்பழம், கடலைமிட்டாய். தை மாதமாக இருந்தால் பனங்கிழங்கு, ஆனால் நார் அதிகம், ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். புரதத்துக்கு முட்டை, மீன் குழம்பு, பருப்பு, தயிர்.

ராத்திரி எட்டு மணிக்குள் முடியுங்கள், தெரிந்த சாப்பாடாக இருக்கட்டும். கடலோரம் வந்துவிட்டோம் என்று ஓய்வு நாள் ராத்திரி நண்டும் கணவாயும் முதல் தடவையாகச் சோதித்துப் பார்க்கும் ஆசையைக் கன்னியாகுமரிக்கு ஒத்திவைக்கலாம்.

மதியம்

அரை மணி நேரத் தூக்கம், அதற்கு மேல் தூங்கினால் ராத்திரி தூக்கம் கெடும். சாயங்காலம் சாமான் எதுவும் இல்லாமல், லேசான கியரில், மூச்சு வாங்காத வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். காலுக்கும் நல்லது, காலையில் செய்த வேலை சரியா என்பதும் தெரிந்துவிடும். எதையாவது பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஊருக்குள்ளேயே சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் இருக்கிறது. பழைய சுவரோவியங்கள், நிழல், ஒரு மணி நேரம்.

மூன்று, நாலு மணிக்கு ஒரு சோர்வு வரும். எதற்காக இதைச் செய்கிறோம், பஸ் ஏறினால் என்ன என்று தோன்றும். நாலு நாள் காலையிலிருந்து இரவு வரை உடம்பு ஒரே வேலையில் இருந்துவிட்டு, திடீரென்று வெறுமனே இருக்கும்போது மனசு இப்படித்தான் இறங்கும். திரும்பிப் போகும் முடிவை அந்த நேரத்தில் எடுக்கக் கூடாது. சாப்பிட்டு, தூங்கி, காலையில் நாடி பார்த்து, பத்து கி.மீ. மிதித்த பிறகும் அதே எண்ணம் இருந்தால் அப்போது யோசிக்கலாம். உடம்பு சம்பந்தப்பட்ட காரணம் என்றால் மட்டும் இந்த விதி பொருந்தாது, உடனே நிறுத்துங்கள்.

மறுநாள் தூத்துக்குடிக்கு

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், குளத்தூர் வழியாக சுமார் 125 கி.மீ. பயணம் முழுவதிலும் நிழல் மிகக் குறைந்த பகுதி இது. கடைகள் ஊர்களில்தான், ஊர்களுக்கு நடுவே பொட்டல். மூன்று லிட்டர் தண்ணீரோடு கிளம்பி, சாயல்குடியிலும் வேம்பாரிலும் நிரப்புங்கள்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து எதிர்க்காற்று, வெயில் ஏற ஏற அது வலுக்கும். அந்த மாதங்களில் 125-ஐ ஒரே நாளில் முடிக்கத் திட்டமிடாதீர்கள். ஐந்தரை மணிக்குக் கிளம்புவதானால் ஜனவரியில் ஒரு மணி நேரம் இருட்டிலேயே போக வேண்டும். முன்விளக்கு, பின்விளக்கு, போன், பவர் பேங்க் எல்லாவற்றையும் ஓய்வு நாளிலேயே சார்ஜ் போடுங்கள். பைகளை ராத்திரியே கட்டி, ஷார்ட்ஸ் காய்ந்துவிட்டதா என்று மெத்தையைக் கிள்ளிப் பாருங்கள்.

காலையில் முதல் 15 கி.மீ. கால் கனக்கும். ஓய்வு எடுத்தும் இப்படியா என்று பயப்பட வேண்டாம், நின்ற தசைகள் விறைத்திருக்கும், அவ்வளவுதான். கீழக்கரை வரை லேசான கியரில் போய், அங்கே ஒரு டீக்கு நின்று, இறங்கியதும் இரண்டு டயரையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். நேற்று விட்டுப்போன முள் ஏதாவது இருந்தால் அநேகமாக அதற்குள் காட்டிக்கொடுத்திருக்கும்.